அனோவாவைக் கண்ணால் பார்ப்பது: நெல் பாத்தி எண்களைப் படமாக வரையும் முறை

பல குழுக்களின் சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று சோதிக்கும் கணக்கு அனோவா. அதன் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில், வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பாக 0.0015 என்று ஓர் எண் வந்துவிட்டால், "வித்தியாசம் இருக்கிறது" என்று எழுதித் தாளை மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. எந்த உரம் விளைச்சலை உயர்த்தியது, எத்தனை கிலோ உயர்த்தியது, வயலின் எந்த மூலை கணக்கைக் கெடுத்தது என்ற மூன்று கேள்விக்கும் அந்த எண்ணில் பதில் கிடையாது. பதில் படத்தில் இருக்கிறது. முதல் படத்தைக் கணினி இல்லாமல் ஒரு வரைபடத்தாள், அளவுகோல், மூன்று நிறப் பேனா வைத்தே வரைந்துவிடலாம். முதல் முறை கையால்தான் வரைய வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்த எண்ணுக்கு அடிப்படையான எஃப் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது கை வழியாகத்தான் மனதில் பதிகிறது.

அனோவா வயலில் பிறந்த கணக்கு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், உர ஆய்வுப் பாத்திகளின் எண்களோடு மல்லுக்கட்டிய காலத்தில் உருவாக்கியது. அதனால் தாமிரபரணிப் பாசனத்து நெல் வயலை உதாரணமாக எடுத்துக்கொள்வது பொருத்தமாகவே இருக்கும்.

எண்களும் வயலும்

பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் பிசானம் என்ற நெல் பருவத்து வயல் ஒன்று. ஒரு சென்ட் அளவில் 15 பாத்திகள். தண்ணீர் நுழையும் வாய்மடையிலிருந்து கடைசியில் இருக்கும் கடைமடை வரை ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்று பாத்தி. யூரியா மட்டும், தொழு உரமும் யூரியாவும், கொழிஞ்சிப் பசுந்தாள் தழையும் யூரியாவும் என மூன்று முறைகளை ஒவ்வொரு வரிசையிலும் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருக்கிறார்கள். கீழே உள்ள கிலோ எடைகள் பயிற்சிக்காக நாங்கள் அமைத்தவை; எந்த ஆய்வின் முடிவும் அல்ல.

வரிசை 1, வாய்மடை: யூரியா 22, தொழு உரம் 25, கொழிஞ்சி 28
வரிசை 2: யூரியா 23, தொழு உரம் 21, கொழிஞ்சி 26
வரிசை 3: யூரியா 21, தொழு உரம் 23, கொழிஞ்சி 27
வரிசை 4: யூரியா 19, தொழு உரம் 20, கொழிஞ்சி 25
வரிசை 5, கடைமடை: யூரியா 20, தொழு உரம் 21, கொழிஞ்சி 24

படம் வரையும் முன்பே கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. பாத்திக்குப் பாத்தி தனி வரப்பும் தனி மடையும் இல்லாவிட்டால் ஒரு பாத்தியின் தழைச்சத்து தண்ணீரோடு அடுத்த பாத்திக்குப் போய்விடும். அப்புறம் எந்தப் படமும் உண்மை சொல்லாது. எடையை ஈரப்பதத்துக்குத் திருத்த வேண்டும். நெல்லுக்கு 14 சதவீத ஈரம் பொது அளவு. 20 சதவீத ஈரத்தில் 25 கிலோ நிறுத்தால், 25-ஐ 80-ஆல் பெருக்கி 86-ஆல் வகுங்கள், 23.3 கிலோ வரும். கிட்டத்தட்ட இரண்டு கிலோ வெறும் தண்ணீர், நாம் தேடும் உர வித்தியாசத்தின் அளவுக்கே! காலையில் அறுத்த பாத்தியையும் உச்சி வெயிலில் அறுத்த பாத்தியையும் திருத்தாமல் ஒப்பிட்டால் படத்தில் தெரிவது வெயிலின் வித்தியாசம்தான். ஊரில் கோட்டைக் கணக்கிலும் மரக்கால் கணக்கிலும் சொல்வார்கள். ஆய்வுத் தாளில் எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றிவிடுங்கள்.

கணினியில் ஏற்றும்போது வரிசை, உரம், எடை என மூன்று பத்திகள் வைத்து, ஒரு பாத்திக்கு ஒரு வரி எழுதுங்கள். எடைக் கட்டத்தில் "22 கிலோ" என்று எழுதினால் அது எண் அல்ல, எழுத்து. வெறும் 22 போதும். ஆடு மேய்ந்து அழிந்த பாத்திக்கு 0 போடாதீர்கள், வெற்றிடமாக விடுங்கள். பயிர் இருந்தும் விளைச்சல் இல்லாமல் போனால்தான் 0.

முதல் படம்: ஒவ்வொரு பாத்தியும் ஒரு புள்ளி

கணக்குப் போடும் முன் புள்ளிகளைப் பாருங்கள். கிடை அச்சில் மூன்று உரம், நிலை அச்சில் 18 முதல் 29 கிலோ வரை. ஒவ்வொரு உரத்துக்கும் மேலே ஐந்து புள்ளிகள். ஒரே உரத்தில் இரண்டு பாத்தி ஒரே எடை தந்தால் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நான்காகத் தெரியும். இங்கே தொழு உரத்தில் 21 இரண்டு முறை வருகிறது. ஒன்றை இரண்டு மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

இந்தப் படத்தில் மூன்றைப் பார்க்க வேண்டும். மற்றவற்றை விட்டு வெகுதூரம் விலகி நிற்கும் புள்ளி உண்டா? உண்டென்றால் முதலில் வயல் குறிப்பேட்டைத் திருப்புங்கள். 21-ஐ 12 என்று மாற்றி எழுதியிருக்கலாம். மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் சிதறியிருக்கின்றனவா? நமது எண்களில் சிதறலை அளக்கும் திட்ட விலக்கம் 1.58, 2.00, 1.58, பரவாயில்லை. ஒன்று மற்றொன்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் கவனம் வேண்டும். மூன்றாவதாக, கூட்டங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு கலந்திருக்கின்றன? யூரியாவும் தொழு உரமும் நன்றாகக் கலந்து கிடக்கின்றன. கொழிஞ்சி மேலே ஏறி நிற்கிறது, அதன் மிகக் குறைந்த பாத்தியான 24-ஐவிடத் தொழு உரத்தின் ஒரே ஒரு பாத்திதான் அதிகம்.

இதற்குப் பதிலாகப் பட்டை வரைபடம் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பட்டை ஐந்து பாத்தியையும் மறைத்து ஒரு சராசரியை மட்டும் காட்டும். அதிலும் இடம் மிச்சம் என்று அச்சை 18-இல் தொடங்கினால் யூரியாவின் 21 மூன்று அலகு உயரப் பட்டையாகவும் கொழிஞ்சியின் 26 எட்டு அலகு உயரப் பட்டையாகவும் நிற்கும். 24 சதவீத உயர்வு இரண்டரை மடங்குக்கு மேல் தெரியும். பட்டைக்கு அச்சு பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும். புள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெட்டி வரைபடமும் ஐந்து பாத்திக்கு ஒத்துவராது. ஐந்து எண்ணைக் கால்பங்குகளாகப் பிரித்துப் பெட்டி கட்டினால் அந்தப் பெட்டியின் விளிம்பு ஒரே ஒரு பாத்தியின் தயவில் நிற்கும். குழுவுக்கு இருபது, முப்பது எண் இருக்கும்போது பெட்டிக்கு வாருங்கள்.

எஃப் மதிப்பைச் சதுரமாக வரைவது

இதுதான் முக்கியமான படம். இதே அமைப்பை ராபர்ட் புருசெக், ஜேம்ஸ் ஹெல்ம்ரைக் இருவரும் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கான கிரனோவா தொகுப்பில் செய்து வைத்திருக்கிறார்கள். தாளில் வரைய இப்படிச் செய்யுங்கள்.

மொத்தச் சராசரி 23. குழுச் சராசரிகள் 21, 22, 26. ஒவ்வொன்றிலும் 23-ஐக் கழித்தால் −2, −1, +3. இந்த மூன்றுதான் உரங்களின் விளைவு. சரிபார்க்க: பாத்தி எண்ணிக்கை எல்லாக் குழுவிலும் ஒன்றென்றால் மூன்றும் கூடிப் பூஜ்ஜியம் வர வேண்டும்.

வரைபடத்தாளில் இரு அச்சுக்கும் 1 கிலோவுக்கு 1 சென்டிமீட்டர் வையுங்கள். கிடை அச்சு −4 முதல் +4 வரை, நிலை அச்சு 18 முதல் 29 வரை. முதல் படத்தில் உரங்களைச் சம இடைவெளியில் வைத்தோம். இங்கே அவற்றின் விளைவு எங்கே விழுகிறதோ அங்கே வைக்கிறோம். −2-க்கு மேல் யூரியாவின் ஐந்து புள்ளி, −1-க்கு மேல் தொழு உரம், +3-க்கு மேல் கொழிஞ்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். குழுச் சராசரிகளைச் சிறு முக்கோணத்தால் குறித்து இணைத்தால் மூன்றும் 45 பாகைச் சாய்வில் ஒரே நேர்கோட்டில் நிற்கும். நிற்கவில்லையென்றால் கழித்தலில் பிழை இருக்கிறது. யூரியாவும் தொழு உரமும் ஒட்டி நிற்பதும் கொழிஞ்சி தனியே தூரப் போயிருப்பதும் இந்தப் படத்தில்தான் முகத்தில் அறைந்தாற்போலத் தெரியும்.

இனிச் சதுரங்கள். ஒரே உரம் போட்ட பாத்திகளுக்குள் இருக்கும் வேறுபாடு முதலில். ஒவ்வொரு பாத்தியும் தன் குழுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள்: யூரியா 10, தொழு உரம் 16, கொழிஞ்சி 10, மொத்தம் 36. 15 பாத்தியில் 3 சராசரியைக் கழித்தால் கட்டின்மைக் கூறு, அதாவது கட்டுப்பாடின்றி மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை, 12. 36-ஐ 12-ஆல் வகுத்தால் 3. இது உள்வேறுபாட்டின் வர்க்கச் சராசரி.

அடுத்து உரங்களுக்கு இடையிலான வேறுபாடு. −2, −1, 3 ஆகியவற்றின் வர்க்கங்கள் 4, 1, 9, கூடுதல் 14. குழுவுக்கு ஐந்து பாத்தி, அதனால் 14-ஐ 5-ஆல் பெருக்க 70. மூன்று உரத்தில் ஒன்றைக் கழித்தால் கட்டின்மைக் கூறு 2. வகுத்தால் 35.

ஏன் ஐந்தால் பெருக்குகிறோம் என்ற இடத்தில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். ஐந்து பாத்தியின் சராசரி தனிப் பாத்தியைப்போல ஆடாது. அதன் வேறுபாடு, வர்க்கக் கணக்கில், ஐந்தில் ஒரு பங்குதான். அதை மறுபடி ஐந்தால் பெருக்கினால் தனிப் பாத்தியின் அளவுக்கு வந்துவிடும். ஆகவே உரத்தால் எந்தப் பயனும் இல்லாவிட்டால் 35 வந்த இடத்தில் சுமார் 3 வந்திருக்க வேண்டும். எஃப் என்பது இந்த ஒப்பீடு மட்டுமே: 35-ஐ 3-ஆல் வகுத்தால் 11.67.

வர்க்கச் சராசரி என்ற பெயரிலேயே சதுரம் இருக்கிறது. பூஜ்ஜியமும் 23-ம் சந்திக்கும் புள்ளியை நடுவாக வைத்து, 35-இன் வர்க்கமூலமான 5.9 சென்டிமீட்டர் பக்கத்தில் ஒரு சதுரம் வரையுங்கள். அதே நடுவில் 3-இன் வர்க்கமூலமான 1.7 சென்டிமீட்டரில் இன்னொன்று. பெரிய சதுரத்தின் பரப்பில் சின்னது ஏறக்குறைய 12 முறை அடங்கும், அதுதான் எஃப். மூன்றாவதாக ஒரு புள்ளிக்கோட்டுச் சதுரம். 2, 12 கட்டின்மைக் கூறுகளுக்கு 5 சதவீத எஃப் அட்டவணை மதிப்பு 3.89. அதை 3-ஆல் பெருக்க 11.67, வர்க்கமூலம் 3.4. பெரிய சதுரம் இந்த 3.4 சென்டிமீட்டர் வேலியைத் தாண்டி நின்றால் வித்தியாசம் 5 சதவீத அளவில் உறுதி. இங்கே நன்றாகவே தாண்டுகிறது. எஃப் மதிப்பான 11.67-ம் வேலியின் பரப்பான 11.67-ம் ஒன்றாக வந்தது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கண் பரப்பைவிட நீளத்தை எளிதாக ஒப்பிடும். பக்கங்களின் விகிதம் 3.4 மட்டுமே என்பதால் பார்ப்பவர் எஃப்-ஐக் குறைத்து மதிப்பிடுவார். சதுரத்துக்குள் 35 என்றும் 3 என்றும் எழுதிவிடுங்கள். கணினியில் வரைந்தால் அது அச்சுகளைத் தன் போக்கில் நீட்டிச் சதுரத்தைச் செவ்வகமாக்கும். பரப்பு விகிதம் கெடாது, ஆனாலும் இரு அச்சையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதே நல்லது.

விரிதாளில் கணக்கைச் சரிபார்க்க, லிப்ரே ஆபிஸ் கால்க்கில் டேட்டா பட்டியலுக்குள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்பதன் கீழ் அனோவா இருக்கிறது. எக்செலில் ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் வழியாக அனாலிசிஸ் டூல்பேக்கை முதலில் இயக்க வேண்டும். அங்கே ஒரு காரணி அனோவா கேட்பது உரத்துக்கு ஒரு பத்தியாக அடுக்கிய எண்கள். நாம் வைத்திருக்கும் நீள அடுக்கு அல்ல. படத்துக்கு ஒன்றும் கணக்குக்கு ஒன்றுமாக இரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த உரம் எதைவிட மேல்

எஃப் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறது, சோடி சோடியாகச் சொல்லாது. கல்லூரி ஆய்வுத் தாள்களில் சி.டி. (கிரிட்டிகல் டிஃபரன்ஸ், அதாவது தாண்ட வேண்டிய குறைந்தபட்ச வித்தியாசம்) என்று எழுதும் எண் இதற்குத்தான். 3-ஐ இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.095. 12 கட்டின்மைக் கூறுக்கு 5 சதவீத டி அட்டவணை மதிப்பு 2.179. பெருக்கினால் சி.டி. 2.39 கிலோ. இரண்டு சராசரிக்கு இடையே இதைவிட அதிக இடைவெளி இருந்தால் வித்தியாசம் உண்டு எனக் கொள்ளலாம். கொழிஞ்சிக்கும் தொழு உரத்துக்கும் 4, யூரியாவுக்கும் 5, இரண்டும் தாண்டுகின்றன. தொழு உரத்துக்கும் யூரியாவுக்கும் 1 மட்டுமே.

படத்தில் கோடு போடும்போது பெரும்பாலோர் ஒவ்வொரு சராசரிக்கும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை வரைந்துவிட்டு, "கோடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன, ஆகவே வித்தியாசம் இல்லை" என்று எழுதுகிறார்கள். தவறு. இங்கே அந்த இடைவெளி இருபுறமும் 1.69. இரு சராசரிக்கு 3 கிலோ வித்தியாசம் இருந்தால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், ஆனால் 3 என்பது சி.டி.யைத் தாண்டிய வித்தியாசம். இந்த மயக்கம் வராமல் இருக்க ஒரு வழி: சி.டி.யில் பாதியை, அதாவது 1.19-ஐ, இருபுறமும் வரையுங்கள். அப்போது கோடுகள் தொடாவிட்டால் வித்தியாசம் உண்டு, ஏறினால் இல்லை என்று நேராகவே படிக்கலாம். எந்தக் கோடு என்பதைப் படத்தின் கீழ் கட்டாயம் எழுத வேண்டும். எக்செலில் பிழைக்கோட்டுக்கு "ஸ்டாண்டர்ட் எரர்" என்பதைத் தேர்ந்தால் அது மூன்று சராசரிகளை வைத்துத் தானாக ஒன்றைக் கணக்கிடும். உங்கள் பாத்திகள் அதற்குத் தெரியாது. "கஸ்டம்" தேர்ந்து எண்ணை நீங்களே கொடுங்கள்.

ஐந்தாறு உரங்களுக்கு மேல் போனால் சோடிகள் பெருகும்; சி.டி. சும்மாவே சில வித்தியாசங்களைக் காட்டிவிடும். அங்கே எல்லாச் சோடிகளையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் டூக்கியின் அளவு பாதுகாப்பானது. நமது எண்களுக்கு அது 2.92 கிலோ. இடைவெளிகளைச் சராசரியில் வரையாமல் வித்தியாசத்தில் வரையுங்கள்: நடுவே பூஜ்ஜியக் கோடு. தொழு உரம் கழித்தல் யூரியா −1.9 முதல் 3.9 வரை, பூஜ்ஜியத்தைக் கடக்கிறது. கொழிஞ்சி கழித்தல் தொழு உரம் 1.1 முதல் 6.9. கொழிஞ்சி கழித்தல் யூரியா 2.1 முதல் 7.9. விவசாயிக்குப் பயன்படும் படம் இதுதான், ஏனென்றால் சென்ட்டுக்கு ஒரு கிலோவாவது கூடுமா என்பதற்கு இதில் நேரடிப் பதில் இருக்கிறது.

எச்சத்தை வயல் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்

ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் அதன் குழுச் சராசரியைக் கழித்தால் மிஞ்சுவது எச்சம். பாடநூல் சொல்லும் எச்சப் படத்தில் கிடை அச்சு சராசரி, நிலை அச்சு எச்சம்; வலப்பக்கம் போகப்போகப் புள்ளிகள் புனல்போல விரிந்தால் அளவீட்டில் சிக்கல். இலைச்சுருட்டுப் புழு எண்ணிக்கை போன்றவற்றில் இது வழக்கம்: சராசரி கூடினால் சிதறலும் கூடும். எண்ணிக்கையோடு 0.5 கூட்டி வர்க்கமூலம் எடுத்து மறுபடி செய்தால் பெரும்பாலும் சீராகும்.

ஆனால் நெல் வயலில் அதைவிடப் பயனுள்ளது, எச்சங்களை அவை வந்த பாத்தியிலேயே எழுதிப் பார்ப்பது. வயல் படம் ஒன்று வரைந்து கூட்டல் எச்சத்தைப் பச்சையிலும் கழித்தலைச் சிவப்பிலும் எழுதுங்கள்.

வரிசை 1, வாய்மடை: +1, +3, +2
வரிசை 2: +2, −1, 0
வரிசை 3: 0, +1, +1
வரிசை 4: −2, −2, −1
வரிசை 5, கடைமடை: −1, −1, −2

மேலே பச்சை, கீழ் இரண்டு வரிசையில் ஆறும் சிவப்பு. வண்டலும் தண்ணீரும் முதலில் வாய்மடைக்கே; கடைமடைக்கு மிச்சம்தான். உள்வேறுபாடு என்று நாம் சின்னச் சதுரத்தில் அடைத்த 36-இல் பெரும்பகுதி இந்த மடை வேறுபாடு. வரிசைகளைத் தனிக் காரணியாகக் கணக்கில் எடுத்தால் 27.33 வரிசைகளுக்குப் போய்விடும். மிஞ்சும் பிழை 8.67 மட்டும், 12-இல் வரிசைகளுக்கு 4 போகக் கட்டின்மைக் கூறு 8, வர்க்கச் சராசரி 1.08. சின்னச் சதுரத்தின் பக்கம் 1.7-இலிருந்து 1 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது, எஃப் 32.3 ஆகிறது, சி.டி. 2.39-இலிருந்து 1.52-ஆக இறங்குகிறது. உரம் மாறவில்லை, பாத்தி மாறவில்லை. தண்ணீர் வரும் திசையைக் கணக்கில் எடுத்ததற்கே இவ்வளவு பலன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

வரிசைக்குள் சீட்டுக் குலுக்கி உரம் பிரித்ததால்தான் இப்படிப் பிரிக்க முடிகிறது; அப்படிப் பிரித்த ஆய்வில் வரிசையைக் கணக்கில் எடுப்பதே சரியான கணக்கும்கூட. வயல் முழுக்கக் கலந்து குலுக்கியிருந்தால், சிவப்பு தெரிந்த இடத்தில் பிற்பாடு கோடு போட்டு வரிசை என்று பெயர் வைக்கக் கூடாது. அடுத்த பருவத்தில் மடைக்குக் குறுக்காக வரிசை அமைத்துவிட்டுக் குலுக்குங்கள்.

இரண்டு காரணி இருந்தால்

ரகமும் பருவமும் சேர்ந்த ஆய்வென்றால் கோட்டுப் படம் வேண்டும். பயிற்சிக்கு, கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்கள்: முதல் ரகம் காரில் 20, பிசானத்தில் 26, இரண்டாம் ரகம் காரில் 24, பிசானத்தில் 25. கிடை அச்சில் பருவத்தை வைத்து ரகத்துக்கு ஒரு கோடு போட்டால் கோடுகள் வெட்டிக்கொள்ளும். அதே நான்கு எண்ணை, கிடை அச்சில் ரகத்தை வைத்து வரைந்தால் கோடுகள் வெட்டாது. ஆகவே வெட்டுகிறதா என்று பார்க்காதீர்கள், இணையாகப் போகின்றனவா என்று பாருங்கள். இணை இல்லை என்றால் இடைவினை இருக்கலாம், அதாவது ரகத்தின் விளைவு பருவத்துக்குப் பருவம் மாறலாம். கோடு நான்கு சராசரியை மட்டும் இணைப்பதால் ஒவ்வொரு முனையிலும் பாத்திப் புள்ளிகளையும் வையுங்கள்; சிதறல் பெரிதாக இருந்தால் கோணலான கோடு வெறும் தற்செயலாகவும் இருக்கும். இரண்டு படத்தையும் வரைந்து பார்த்துவிட்டு, கேள்வி எதுவோ அதற்கேற்றதை வெளியிடுங்கள். காருக்கு எந்த ரகம் என்பது கேள்வியானால் கிடை அச்சில் பருவம். இடைவினை வலுவாக இருக்கும்போது "முதல் ரகத்தின் மொத்தச் சராசரி 23" என்று எழுதுவதில் பொருள் இல்லை. எந்தப் பருவத்திலும் அது 23 தரவில்லை.

படத்தின் அடியில் எழுத வேண்டியது

நமது வரிசைக் கணக்குப் படத்துக்கு இப்படி எழுதலாம்: "புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சென்ட் பாத்தியின் நெல் எடை, 14 சதவீத ஈரத்துக்குத் திருத்தியது. உரத்துக்கு 5 பாத்தி, 5 வரிசை. முக்கோணம் குழுச் சராசரி. கோடு 5 சதவீத சி.டி.யில் பாதி, அதாவது இருபுறமும் 0.76 கிலோ. எஃப் 32.3, கட்டின்மைக் கூறுகள் 2, 8." பாத்தி எண்ணிக்கையும் கோட்டின் பொருளும் விடுபட்ட படத்தை வேறொருவர் சரிபார்க்க முடியாது. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் உரங்கள் பிரிந்து தெரிய, நிறத்தோடு வட்டம், சதுரம், பெருக்கல் குறி என வடிவத்தையும் மாற்றி வையுங்கள்.